ஆடவர் மார்புச் சத்திரசிகிச்சையும் உடல் தேறுங் காலமும்

நோய்களைப் பற்றிப் பேசுவதில் நம்மவரிடத்தே ஒருவகைப் பாகுபாடு உண்டு. நீரிழிவைப் பற்றியும் குருதியமுக்கத்தைப் பற்றியும் பஸ்ஸிலே பக்கத்தில் அமர்ந்திருப்பவரோடும் உரையாடுவோம். மூட்டு வலிக்கு அயலவர் சொல்லும் எண்ணெயின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வோம். வேறு சில குறைகளையோ உடன்பிறந்தாரிடத்தும் சொல்லக் கூசுவோம். அவ்வாறு கூசி மறைக்கப்படுங் குறைகளுள் ஒன்று, ஆண்மகனின் மார்பு பெண்ணின் மார்பு போலப் பருத்துக் காணப்படுதலாகும். இக்குறை உடையோர் கொளுத்தும் வெயிலிலும் இரண்டு பெனியன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவர். கடலிலும் குளத்திலும் குளிக்க இறங்கார். மேற்சட்டையைக் களைந்து வழிபடவேண்டிய கோயிலுக்குச் செல்வதையும் ஏதேனுமொரு சாட்டுச் சொல்லித் தவிர்த்துக்கொள்வர்.

இக்குறையைச் சத்திரசிகிச்சையினால் நீக்கலாம் என்பது இன்று பலருக்குத் தெரியும். ஆனால், சத்திரசிகிச்சை முடிந்தபின் உடல் எவ்வாறு தேறுகின்றது, அதற்கு எவ்வளவு காலஞ் செல்லும், அக்காலத்தில் எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பவற்றை அறிந்தோர் மிகச் சிலரே. ஊரறியாமற் செய்துகொள்ளும் சிகிச்சையாதலால், முன்னர் செய்துகொண்ட ஒருவரைக் கேட்டறியும் வாய்ப்பும் அரிதாகின்றது. அந்தக் குறையை ஓரளவேனும் நிறைவு செய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில், இக்குறை யாதென்று பார்ப்போம். ஆணின் மார்பிலும் பாற்சுரப்பிக்குரிய சிறிதளவு இழையம் பிறப்பிலேயே இருக்கின்றது. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஓமோன் அதனை வளரத் தூண்டும்; ஆண்மைக்குரிய டெஸ்டொஸ்டிரோன் அவ்வளர்ச்சியை அடக்கி வைக்கும். இவ்விரண்டும் ஆணின் உடலில் எப்போதும் உள்ளனவே. இவற்றின் சமநிலை ஒருபுறஞ் சாய்ந்தால் சுரப்பி வளரத் தொடங்குகின்றது. வைத்தியர்கள் இதனைக் கைனகோமாஸ்டியா என்பர். பெண் என்றும் மார்பு என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. சுரப்பி வளராமல் கொழுப்பு மாத்திரம் சேர்ந்து மார்பு பருப்பதும் உண்டு. உடற்பருமன் குறையும்போது இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் தானே குறையும்.

பச்சிளங் குழந்தைப் பருவம், பருவமெய்தும் பருவம், முதுமைப் பருவம் ஆகிய மூன்றிலும் இச்சமநிலை இயற்கையாகவே தளம்புகின்றது. பருவமெய்தும் சிறுவர்களுள் அரைவாசிப் பேரிடத்தோ அதற்கு மேற்பட்டோரிடத்தோ மார்பிற் சிறு பருமன் தோன்றுவதுண்டு. பெரும்பாலானோர்க்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுகளுக்குள் அது தானே மறைந்துவிடும். ஆதலினாலேயே பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுவனைச் சத்திரசிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வைத்தியர்கள் அவசரப்படுவதில்லை. ஈரல் நோய், சிறுநீரக நோய், தைரொயிட் சுரப்பியின் மிகைத் தொழிற்பாடு, விதைகளில் உண்டாகும் கட்டிகள் ஆகியனவும், சிலவகை மருந்துகளும் இதற்குக் காரணமாகலாம். உடற்கட்டை வளர்ப்பதற்கென்று இளைஞர் சிலர் வைத்திய ஆலோசனையின்றி ஏற்றிக்கொள்ளும் ஸ்ரெரொயிட் ஊசிகளும் உடலினுள்ளே ஈஸ்ட்ரோஜனாக மாறி, மார்பைப் பருக்கச் செய்கின்றன. மார்பை வலிமைப்படுத்தச் செய்த முயற்சி அவர்களுக்கு எதிர்மாறான பயனைத் தருகின்றது.

இரண்டாம் உலகப் போர் முடிவுற்றபோது, பட்டினியால் மெலிந்து விடுதலையான போர்க்கைதிகள் மீண்டும் வயிறார உண்ணத் தொடங்கியதும் அவர்களுட் பலருக்கு மார்பு பருத்தமையை வைத்தியர்கள் கண்டு எழுதினர். உணவு கிடைத்ததும் உடலின் ஓமோன்கள் மீண்டும் விழித்தெழுந்தமையே அதற்குக் காரணம். போர்க்களங் கண்ட வீரர்களுக்கும் நேர்ந்த ஒன்றை, ஆண்மைக் குறைவின் அடையாளமென்று எண்ணி ஒருவன் நாணவேண்டியதில்லை. எனினும், ஒரு பக்கத்தில் மாத்திரம் கெட்டியான கட்டி தோன்றினாலோ, முலைக்காம்பிலிருந்து குருதி கசிந்தாலோ தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டும். மார்புப் புற்றுநோய் காண்போர் நூற்றுவருள் ஏறத்தாழ ஒருவர் ஆண் என்பதை மறத்தலாகாது.

இச்சத்திரசிகிச்சை புதியதொன்றன்று. கி. பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஈஜினாத் தீவினரான பவுலஸ் என்னும் கிரேக்க வைத்தியர், மார்பிலே பிறைவடிவாகக் கீறி, மிகுதியான பகுதியை அகற்றித் தைக்கும் முறையைத் தமது நூலில் விவரித்துள்ளார். அக்காலத்தில் மயக்க மருந்தும் இல்லை. கிருமியை அழிக்கும் முறையும் இல்லை. 1946ஆம் ஆண்டில் வெப்ஸ்டர் என்னும் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர், முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்திலே அரைவட்டமாகக் கீறிச் சுரப்பியை வெளியெடுக்கும் முறையை எழுதி வெளியிட்டார். தழும்பு அந்நிறவேறுபாட்டினுள்ளே மறைந்துவிடுவதால் அம்முறை இன்றுங் கைக்கொள்ளப்படுகின்றது. மெல்லிய குழாயைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறை பின்னர் வந்து சேர்ந்தது. இக்காலத்தில் இரண்டையும் சேர்த்தே பலருக்குச் செய்கின்றனர். பெரும்பாலும் முழு மயக்கத்தில், ஓரிரு மணி நேரத்துள் வேலை முடிந்துவிடும். அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்பலாம்.

வீடு திரும்பியவர் தமக்கு எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணுகின்றார். உண்மையில் வைத்தியரின் வேலைதான் முடிந்தது. உடலின் வேலை அப்போதுதான் தொடங்குகின்றது. உள்ளிருந்து சுரப்பியும் கொழுப்பும் எடுக்கப்பட்டபின், தோலுக்கும் மார்புத் தசைக்கும் இடையே ஒரு வெற்றிடம் உண்டாகின்றது. தோல் மீண்டும் தசையோடு ஒட்டவேண்டும்; அறுந்த சிறு குருதிக் குழாய்கள் அடைபடவேண்டும்; நரம்பு நுனிகள் மீண்டும் வளரவேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் சொல்லப்படும் கட்டுப்பாடுகள் யாவும் இவ்வேலைக்கு இடையூறு நேராமற் காப்பதற்கே.

முதல் 24 மணி நேரமே மிகுந்த கவனத்துக்குரியது. அடைபட்டிருந்த குருதிக் குழாயொன்று மீண்டும் திறந்துகொண்டால், அந்த வெற்றிடத்தினுள்ளே குருதி தேங்கும். அப்போது ஒரு பக்கம் மாத்திரம் விரைந்து வீங்கி, தோல் இறுகி, நோவு கூடிக்கொண்டே செல்லும். இரு பக்கமும் ஒரே அளவில் மெல்ல வீங்குவது இயல்பு. ஒரு பக்கம் மற்றதைவிடத் திடீரெனப் பெருப்பது இயல்பன்று. இந்த வேறுபாட்டை நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். இக்காரணத்தாலும், மயக்க மருந்தின் தளர்ச்சி முற்றாக நீங்காமையாலும், முதல் இரவில் நோயாளி தனித்திருத்தல் ஆகாது.

சிலருக்கு மார்பின் இருபுறமும் மெல்லிய வடிகுழாய்களைப் பொருத்தி அனுப்புவர். உள்ளே கசியும் குருதியும் நீரும் அவற்றின் வழியே வெளியேறும். முதலிற் செந்நிறமாக வரும் நீர் நாளடைவில் இளஞ்சிவப்பாகிப் பின்னர் மஞ்சளாகும், அளவுங் குறையும். போதிய அளவு குறைந்ததும், வழக்கமாகச் சில நாள்களுக்குள், குழாய்களை வைத்தியர் எடுத்துவிடுவார். ஒவ்வொரு நாளும் வெளியேறிய அளவைக் குறித்துவைத்தல் அவருக்குப் பேருதவியாக இருக்கும்.

அடுத்துக் கூறவேண்டியது, மார்பை இறுகப் பற்றியிருக்கும் அழுத்த உட்சட்டை. தோலைத் தசையோடு பொருத்தி வைத்து, நீர் தேங்காமற் காப்பது இதுவே. குளிக்கும் நேரமும் துவைக்கும் நேரமும் நீங்கலாக, இரவும் பகலும், ஏறத்தாழ 4 முதல் 6 கிழமைகள் வரை இதனை அணியுமாறு வைத்தியர்கள் கூறுவது வழக்கம். நமது நாட்டு வெக்கையில் இது எளிதானதன்று. வியர்வை ஊறும், தோல் அரிக்கும், வேர்க்குரு போடும். அவ்வேளையில் “ஒரு நாள்தானே” என்று கழற்றி வைப்பவர் பலர். அவ்வாறு கழற்றிய இடைவெளியிலேயே தெளிந்த நீர் உள்ளே சேர்ந்து, பின்னர் ஊசியால் எடுக்கவேண்டிய நிலை வரலாம். இரண்டு உட்சட்டைகளை வைத்துக்கொண்டு மாறி மாறித் துவைத்து அணிவதும், வைத்தியரின் சம்மதத்தோடு உள்ளே மெல்லிய பருத்தித் துணியைச் சுருக்கமின்றி வைப்பதும் தொல்லையைக் குறைக்கும். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கமாயிருந்தாலோ, விளிம்பு பட்ட இடத்திற் கொப்புளம் எழுந்தாலோ அதனைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அளவு மாற்றித் தருமாறு கேட்கலாம்.

சில நாள்கள் சென்றதும் மார்பிலும் விலாவிலும் கன்றிய நிறங்கள் தோன்றும். முதலிற் கருநீலம், பின்னர் பச்சை, அதன்பின் மஞ்சள் என்று அவை மாறுவதைக் கண்டு கிருமி பிடித்துவிட்டதோ என்று வீட்டார் கலங்குவர். கசிந்த குருதியிலுள்ள செந்நிறப் பொருளை உடல் படிப்படியாகச் சிதைக்கும்போது முதலிற் பச்சை நிறப் பொருளும் அடுத்து மஞ்சள் நிறப் பொருளும் உண்டாகின்றன. இந்நிறமாற்றம் உடல் தேறுவதற்கே அடையாளம். கன்றல் புவியீர்ப்பினால் கீழ்நோக்கி இறங்கி வயிற்றின் மேற்பகுதி வரை வருவதும் உண்டு. இரண்டு மூன்று கிழமைகளுள் அது மறையும்.

இனி, பலரும் தவறிழைக்கும் இடத்துக்கு வருவோம். முதல் இரண்டு மூன்று நாள்களில் இருக்கும் நோவு பரசிற்றமோல் போன்ற குளிசைகளுக்குக் கட்டுப்படும். கிழமை ஒன்று சென்றதும் நோவு பெரிதுங் குறைந்துவிடும். இருந்து எழுதும் வேலை செய்வோர் ஒரு கிழமை அல்லது பத்து நாளில் கடமைக்குத் திரும்பலாம். நோவு இல்லையாதலால் காயமும் ஆறிவிட்டது என்று மனம் முடிவு செய்கின்றது. இங்கேதான் மனமும் உடலும் வேறுபடுகின்றன. தைத்த காயத்தின் வலிமையை அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர் கூறுவதைக் கேளுங்கள். முதற் கிழமை முடிவிற் காயத்தின் வலிமை இயல்பான தோலின் வலிமையில் இருபதில் ஒரு பங்குதானும் இல்லை. மூன்றாங் கிழமையில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மூன்று மாதங்கள் சென்ற பின்னரே ஐந்தில் நான்கு பங்கை எட்டுகின்றது. அதற்குமேல் அது முழு வலிமையை ஒருபோதும் அடைவதில்லை. பத்தாம் நாளில் நலமாக உணர்பவரை அதுவரை காத்திருப்பது நூல் மட்டுமே.

ஆகையால் நோவை அளவுகோலாகக் கொள்ளாது நாட்காட்டியை அளவுகோலாகக் கொள்ளவேண்டும். கிணற்றிலே தண்ணீர் அள்ளுதல், அரிசி மூட்டை தூக்குதல், எரிவாயு உருளையை நகர்த்துதல், மண்வெட்டி பிடித்தல் ஆகிய மார்புத் தசையை இழுக்கும் வேலைகளை 4 முதல் 6 கிழமைகள் வரை தவிர்த்தல் நன்று. முதல் ஒன்றிரண்டு கிழமைகளிற் கைகளைத் தோளுக்கு மேலே உயர்த்துதல் கூடாது. தலைவழியாக மாட்டும் பெனியனை விடுத்து, முன்புறம் பொத்தான் உள்ள சேட்டையே அணியவேண்டும். மேடும் பள்ளமுமான தெருவில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவதையும் வைத்தியர் அனுமதிக்கும் வரை ஒத்திவைக்கவேண்டும். தலையைச் சற்று உயர்த்தி, மல்லாந்து படுத்தல் வீக்கத்தைக் குறைக்கும். அதே வேளையில் படுக்கையிலேயே கிடத்தலும் தீது. முதல் நாள் தொடக்கமே வீட்டுக்குள் மெல்ல நடமாடினால் கால் நாளங்களிற் குருதி உறையும் அபாயம் குறையும். குளிப்பதற்கு நாள் குறிப்பவர் வைத்தியரே. காயம் முற்றாக மூடும் வரை கடலும் குளமும் கேணியும் ஆகா. தீர்த்தத் திருவிழா வந்தாலும் கரையில் நின்று வணங்குவதே தகும்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வெட்டுக்காயம் உள்ளவனுக்கு மீன் ஆகாது, முட்டை ஆகாது, இறால் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி என்று பத்தியம் வைப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அன்பினாற் செய்யும் இவ்வழக்கம் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும். காயத்தை இணைக்கும் கொலாசன் என்னும் நார்ப்பொருள் புரதத்தினால் ஆக்கப்படுகின்றது. அதனை ஆக்குவதற்கு விற்றமின் சி இன்றியமையாதது. பண்டைக் கப்பற் பயணங்களிற் பழமும் கீரையும் இன்றி ஸ்கேவி நோய்க்கு ஆளான மாலுமிகளுக்குப் பல்லாண்டுகளுக்கு முன் ஆறிய தழும்புகளும் மீண்டும் வெடித்தன. 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் தோடம்பழமும் எலுமிச்சையும் கொடுத்து அந்நோயைத் தணிக்கலாம் எனக் காட்டினார். ஆதலின் மீன், முட்டை, பயறு, பருப்பு, கீரை, கொய்யா, நெல்லி ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். இயல்பாகவே ஒருவருக்கு ஒவ்வாத உணவை மாத்திரம் விலக்கினாற் போதும். புகைத்தல் சிறு குருதிக் குழாய்களைச் சுருக்கித் தோலுக்குக் குருதி செல்லாமற் செய்வதால், சத்திரசிகிச்சைக்குச் சில கிழமைகள் முன்னரே அதனை நிறுத்திப் பின்னருந் தொடாதிருத்தல் வேண்டும். காயத்தின் மேல் மஞ்சளோ எண்ணெயோ பூசலாகாது.

கண்ணாடியின் முன் நின்று ஏமாற்றம் அடைவோருக்கும் ஆறுதல் கூறவேண்டும். சத்திரசிகிச்சை முடிந்த அன்று தட்டையாகத் தோன்றிய மார்பு, மூன்று நான்கு நாளில் மீண்டும் வீங்கும். செலவும் வீண், துன்பமும் வீண் என்று சிலர் மனமுடைந்து போவர். வீக்கம் பெரும்பாலும் வற்றுவதற்கு 3 மாதங்களும், முற்றாக அடங்குவதற்கு 6 மாதங்களும் அதற்கு மேலும் செல்லக்கூடும். அதற்கு முன்னர் வடிவத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது, விதைத்த மறுநாள் வயலைப் பார்த்து விளைச்சலைக் கணிப்பது போன்றது. தோலின் கீழே கெட்டியான முடிச்சுகள் தட்டுப்படலாம்; அவை ஆறும் இழையங்களே, நாளடைவில் இளகும். முலைக்காம்பு மரத்துப்போவதும், இடையிடையே மின்னல் வெட்டினாற் போன்ற குத்து எழுவதும் நரம்புகள் மீள வளர்வதன் விளைவு. தழும்பு சில மாதங்கள் சிவந்து தடித்திருந்து, ஓராண்டு அல்லது அதற்கு மேற் சென்றே மங்கும். கருநிறத் தோலினர்க்கு, அதிலும் மார்புப் பகுதியில், தழும்பு எல்லை கடந்து தடிப்பது சற்று மிகுதி. அவ்வாறு காணின் தொடக்கத்திலேயே வைத்தியரிடம் காட்டினால் அதற்கும் சிகிச்சை உண்டு. வெளியெடுத்த இழையத்தைச் சோதனைக்கு அனுப்புவது வழக்கமாதலால், அதன் முடிவையும் மறவாது கேட்டறியுங்கள்.

இனி, வைத்தியசாலைக்கு உடனே திரும்பவேண்டிய அறிகுறிகளைத் தொகுத்துச் சொல்கின்றேன். ஒரு பக்கம் மாத்திரம் விரைந்து வீங்குதல், அழுத்த உட்சட்டையையோ கட்டையோ மீறிப் புதுக்குருதி ஊறுதல், குளிசைக்கு அடங்காது கூடும் நோவு, 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பும் சூடும், சீழ் வடிதலும், முலைக்காம்பு கறுத்துப்போதல், ஒரு காலின் ஆடுதசையில் வீக்கமும் நோவும், திடீர் மூச்சுத்திணறல். கடைசியிற் கூறிய மூச்சுத்திணறல் கணமும் பொறுக்காதது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும்.

இவ்வறிகுறிகளை அறிந்திருந்தும் சிலர் வாய்திறப்பதில்லை. நடு இரவில் வீங்கிய மார்போடு வைத்தியசாலைக்குச் சென்றால் எல்லார்க்கும் தெரிந்துவிடும், விடியட்டும் பார்ப்போம் என்று படுத்துக்கிடப்பர். உள்ளே தேங்கிய குருதி மேலிருக்கும் தோலுக்குச் செல்லும் குருதியோட்டத்தையும் நெருக்கிவிடலாம். அன்றிரவே சென்றிருந்தால் எளிதில் தீர்ந்திருக்கக்கூடிய ஒன்று, விடியும்போது பெரிய தீங்காக வளர்ந்திருக்கும். நாணத்தை நீக்குவதற்காகச் செய்துகொண்ட சிகிச்சையிலே நாணமே பகையாகலாகாது. ஆகவே, சத்திரசிகிச்சைக்கு முன்னரே வீட்டில் ஒருவரிடமேனும், தாயாயினும் மனைவியாயினும் நண்பராயினும், விடயத்தை முழுமையாகக் கூறி வையுங்கள். ஊரெல்லாம் அறியவேண்டியதில்லை, அந்த ஒருவர் அறிந்திருத்தல் வேண்டும்.

பாடசாலை அதிபராகக் கடமையாற்றுபவன் என்ற முறையிற் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சில கூற விரும்புகின்றேன். உடற்பயிற்சிப் பாடம் வரும் நாளில் மாத்திரம் வயிற்று வலி என்று ஒதுங்கும் மாணவனும், புத்தகங்களை எப்போதும் மார்போடு அணைத்துப் பிடிக்கும் மாணவனும் சோம்பேறிகளென்று முடிவு செய்துவிடாதீர்கள். அவனுக்குப் பட்டப்பெயர் வைக்கும் சகமாணவரைக் கண்டிப்பதோடு, அவனைத் தனியே அழைத்து, இது அரைவாசிச் சிறுவர்களுக்கு வருவது, பெரும்பாலும் தானே போய்விடுவது என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் பலருக்குக் கத்தியே வேண்டாத மருந்தாகும். உண்மையாகவே சத்திரசிகிச்சை தேவைப்பட்டுச் செய்துகொண்டு திரும்பும் மாணவனை, ஏன் ஓடவில்லை, ஏன் கதிரை தூக்கவில்லை என்று வகுப்பின் நடுவே கேளாதீர்கள். வைத்தியரின் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு 6 கிழமைகள் அவனை விட்டுவிடுங்கள்.

ஆண்டுக்கணக்காகத் தோளைக் கூனி மார்பை மறைத்துப் பழகியவன், மார்பு தட்டையான மறுநாளே நிமிர்ந்து நடப்பான் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். தோலும் தசையும் ஒட்டுவதற்குக் கிழமைகள் செல்லும். தழும்பு மங்குவதற்கு மாதங்கள் செல்லும். பழக்கம் மாறுவதற்கோ அதனிலும் நீண்ட காலஞ் செல்லும். வைத்தியர் அனுமதித்த பின்னர் தோளை விரிக்கும் எளிய பயிற்சிகளும், அருகிருப்போரின் பொறுமையும் அதற்குத் துணைபுரியும். இவ்வாறு தேறிய ஒருவர், என்றோ ஒரு நாள், மேற்சட்டையைக் களைந்து தோளிலே சால்வையை மடித்துப் போட்டுக்கொண்டு சுவாமி வீதிவலம் வரும் கூட்டத்தில் ஒருவராக நடப்பார். அன்று அவரைத் திரும்பிப் பார்ப்பவர் எவரும் இரார். அவர் வேண்டியதும் அதுவே.